ஆளில்லாத தெருவில் ஆள் போட்டவர்

சபாபதிக்குப் பயம் பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். ரங்கூனில் லத்தா பக்கம் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். புத்தர், முருகன், பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்று யார் வந்தாலும் கண்ணாடி போட்டுக் கொடுப்பார். கூரையில் பல்லி கத்தினால்கூட "யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

1989இல் ஒருமுறை, அளவு தப்பி அறுத்த சட்டம் ஒன்று மிஞ்சிவிட்டது. பழைய காலண்டர் கட்டைக் கிளறியதில், அதற்குப் பொருந்துகிற வெளிநாட்டு ஓவியம் ஒன்று அகப்பட்டது. ஏதோ சின்ன ஊர்த் தெரு. மஞ்சள் சுவர், கோணல் ஜன்னல், ஊதா நிறத்தில் நிழல். வானத்துக்குச் சாயத்தைக் கரண்டியால் அள்ளி அப்பியிருந்தார்கள். தெருவில் ஈ, காக்கை இல்லை.

"வீட்டையெல்லாம் சாய்ச்சுக் கட்டியிருக்கான். கொத்தனார் பார்த்தா அழுதுடுவான்" என்றார் சபாபதி. சட்டம் வீணாகக் கூடாதே என்று கடை வாசலில் மாட்டினார்.

மறுநாள் வார்டு அலுவலகத்து அதிகாரி ஊ டின் வந்து படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"கோ சபா, இந்தத் தெருவுல ஏன் ஒருத்தரும் இல்லை?" என்று பர்மியத்தில், அண்ணன் என்பதற்கு 'கோ' போட்டுக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

சபாபதி படத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது ராணுவ ஆட்சியின் ஊரடங்கு. இரவானால் ரங்கூன் தெருக்களும் இப்படித்தான் கிடந்தன. அதைக் குத்திக்காட்டவே படம் மாட்டியிருப்பதாக ஊ டின் நினைத்துவிட்டாரோ?

"பேசாம கழட்டி வையுங்களேன்" என்றாள் மனைவி கனகாம்பாள்.

"கழட்டினா, தப்புப் பண்ணி ஒளிச்ச மாதிரி ஆயிடும்."

"அப்ப, தெருவுல நாலு ஆளைப் போடுங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவரோ பெயின்ட் டப்பாவைத் திறந்துவிட்டார். முதலில் லோஞ்சி என்ற பர்மியக் கைலி கட்டிய கூடைக்காரி. தனியாக எங்கே போகிறாள் என்று கேட்டால்? துணைக்குப் புருஷன். பிறகு ஒரு சைக்கிள்காரர், ஒரு டீக்காரர். ஐந்தாவது தலை முளைத்ததும் கனகாம்பாள் அவர் கையைப் பிடித்தாள்.

"அஞ்சு பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு உத்தரவு இருக்குங்க!"

"இது அஞ்சாவதுதானே?"

"உங்க கை நிக்கற மாதிரி தெரியலையே, அதான்."

அந்த வாரமே ஊ டின் திரும்ப வந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, கோ சபா! சந்தடி இல்லாம இருக்கேன்னு வீட்டுக்கு வாங்கிட்டுப் போக வந்தேன். எங்க வீட்டுல மாமியார், மச்சினிங்க, பிள்ளைங்கன்னு ஏற்கனவே இடம் பத்தல. இந்தக் கூட்டத்தையும் நான் காசு குடுத்து வாங்கணுமா?"

கனகாம்பாள் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள். பயம் தெளிந்ததற்கு மகிழ்வதா, வியாபாரம் போனதற்கு வருந்துவதா என்று சபாபதிக்குப் பிடிபடவில்லை.

கடைசியில், மாவ்பியிலிருந்து காய்கறி கொண்டுவரும் கருப்பையா அதை வாங்கினார். கூடைக்காரியின் நடை தன் மனைவியின் நடையேதானாம். சொல்லக்கேட்டுப் பலர் வரத் தொடங்கினார்கள். பனிமலைப் படத்தில் அம்மாவையும், ஏரிக்கரைப் படத்தில் மாமனாரையும் போட்டுத் தரச் சொன்னார்கள். பல வருடம் அதுவே அவருக்கு நல்ல வரும்படியாக இருந்தது.

ஒரே குறை, அத்தனை பேரும் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றார்கள். சபாபதிக்கு மூக்கு வரைய வராது. யாராவது கேட்டால் மட்டும் சளைக்க மாட்டார்.

"மலையைப் பார்க்கப் போனவங்க உங்களையா திரும்பிப் பார்ப்பாங்க?"