ஆணியில் தொங்கிய வில்லை

கத்தியக்கா என்றால் அந்த அச்சகத்தில் தெரியாதவர் கிடையாது. பெயரைக் கேட்டு மிரண்டுவிடாதீர்கள். காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றும் பத்து விரலையும் பத்திரமாக வைத்திருக்கிற மனுஷி அவள். சம்பளம் வந்தால் மற்றவர்கள் துணிக்கடைக்குப் போவார்கள். இவள் பழைய சாமான் கடைக்குப் போய் மடக்குக்கத்தி தேடுவாள். அப்படிச் சேர்ந்தவை நாற்பத்தொன்று.

ஆசையைப் பூட்டி வைத்துக்கொள்கிற ஆளும் இல்லை. மாதக் கடைசி ஞாயிறு வீடு நிறைந்துவிடும். அச்சகத்துப் பைண்டர் வருவார், நாத்தனார் வருவாள், ஆளுக்கொரு கத்தியை எடுத்து விரித்துப் பார்த்து, பழம் நறுக்கி, பொய்யும் மெய்யுமாகக் கதை பேசுவார்கள். கடிகாரம் பழுது பார்க்கிற அவள் கணவர், "எங்க வீட்ல சண்டையே வராதுங்க. நான் வாயத் தொறந்தாத்தானே?" என்று எல்லா மாதமும் அதே ஜோக்கைச் சொல்வார். எல்லா மாதமும் சிரிப்பார்கள், பாவம்.

இத்தனை கத்தி புழங்கும் வீட்டில் அவள் நிம்மதியாகத் தூங்கியதற்குக் காரணம் அச்சகத்து வழக்கம். அங்கே ஸ்பேனர் எடுப்பவர், யார் எடுத்தது என்று தெரிய, தன் அடையாளப் பித்தளை வில்லையை அது தொங்கிய ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதையே வீட்டு அலமாரியிலும் கொண்டுவந்துவிட்டாள். எல்லோருக்கும் வில்லை உண்டு, எட்டு வயது மகளைத் தவிர. மகளுக்குத் தனிச் சட்டம்: அம்மா பக்கத்தில் இல்லாமல் கத்தியைத் தொடக் கூடாது.

அப்படி ஒரு ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, அவளுக்கு மதிய ஷிப்ட். விருந்தாளிகளின் விரல் ஈரம் பட்டால் துருப்பிடிக்குமே என்று எண்ணெய்த் துணியோடு பதினொன்றரைக்கு அலமாரியைத் திறந்தாள். கொம்புப்பிடிக் கத்தியின் ஆணியில் கத்தி இல்லை. ஒரு வில்லை தொங்கியது. மூலை உடைந்த வில்லை. அவளுடையதேதான்.

அவள் எடுக்கவில்லையே!

பைண்டருக்குப் போன் போட்டாள். "யாருய்யா என் வில்லைய மாட்டி விளையாடினது?"

"என்னக்கா சொல்றீங்க? நேத்து நாங்க கெளம்பறப்ப நீங்கதானே எண்ணிப் பார்த்துப் பூட்டினீங்க? நாப்பத்தொண்ணும் இருக்குன்னு சொன்னீங்களே."

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. அப்படியானால் பூட்டிய பிறகு எடுத்தது யார்? தானேதானா? அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள், கடைசியில் பெற்ற மகளைப் பார்த்தே "நீ யாரும்மா?" என்றாள். போன மாதம் தான் உப்பு டப்பாவைத் துணி அலமாரியில் வைத்ததைக் கத்தியக்கா யாரிடமும் சொல்லவில்லை. வேலை மும்முரம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சமையலறைக்கு ஓடினாள். காய் வெட்டும் கத்தி காலையிலிருந்து யாரும் தொடாமல் காய்ந்து கிடந்தது. குப்பைக் கூடையில் ஆப்பிள் தோல், அறுபடாமல் ஒரே நாடாவாக. அந்த வீட்டில் அப்படிச் சீவ அவளால் மட்டும்தான் முடியும், அதுவும் கொம்புப்பிடிக் கத்தியால்தான். ஆப்பிள் காலையில் மகளின் சாப்பாட்டு டப்பாவுக்குள் போனது. கத்தியும் அதோடு போயிருந்தால்?

அதற்கு மேல் யோசிக்கவில்லை. வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கிவிட்டாள். இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம். பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு மணி. நாற்பது குழந்தைகள் உள்ள வகுப்பு. ஒன்று பிடுங்கும், ஒன்று விரித்துப் பார்க்கும். நேற்றுத்தான் அதைச் சாணை பிடித்து, காகிதத்தை அந்தரத்தில் பிடித்து வெட்டிக் காட்டிக் கைதட்டு வாங்கினாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினாள். மூலை திரும்பும்போதே மணி அடித்துவிட்டது.

வகுப்பில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் மட்டும் கடைசி பெஞ்சில், மூடிய டப்பாவை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியாம்மா? பசிக்குது" என்றாள்.

மூடியைத் திறந்தால், கறுத்துப்போன ஆப்பிள் துண்டுகளின் நடுவே கொம்புப்பிடிக் கத்தி, மடக்கியபடியே. கத்தியக்காவுக்குப் போன உயிர் வந்தது. கத்தியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, "ஏண்டி, டீச்சர்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றாள்.

"உன்னத் திட்டுவாங்கல்ல? நீ பக்கத்துல இல்லாம தொடவும் கூடாது. அதான் யாரும் எடுக்காம பிடிச்சுக்கிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையிலயே சொன்னேனேம்மா, ரெண்டு தடவ. டப்பாக்குள்ள கத்தி இருக்குன்னு. 'இருக்கட்டும், அது அங்கதான் இருக்கணும்'னு சொன்னியே" என்றாள்.

வந்த உயிர் மறுபடி போனது. அப்படிச் சொன்னது அவளுக்குத் துளிகூட நினைவில்லை.

அன்று அவள் ஷிப்டுக்குப் போகவில்லை. ஐந்நூறு தாளை ஒரே இறக்கில் வெட்டும் அலகின் முன்னால் நிற்க, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் கணவர் வந்ததும் நடந்ததைச் சொல்லி, அலமாரிச் சாவியையும் மூலை உடைந்த வில்லையையும் அவர் கையில் வைத்தாள்.

"இனிமே நான் கேட்டாலும் குடுக்காதீங்க. சண்டை போட்டுக் கேட்டாலும்."

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட என்கூட வர்றீங்களா?" என்றாள் கத்தியக்கா. "ஒத்தையில போகப் பயமா இருக்கு."