அத்தையோடு விசாவுக்குப் போனேன்

தம்பியின் கல்யாணம் நிச்சயமானதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் மண்டபத்தையும் சமையலையும் பற்றிப் பேச்சு ஓடியது. அமெரிக்காவில் நானும் என் கணவரும் பாஸ்போர்ட்டில் விசா அடிக்கும் ஸ்டாம்பிங் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

விஷயம் இதுதான். கல்யாணமாகிப் போனதிலிருந்து அங்கே நான் அவருடைய மனைவி என்ற விசாவில்தான் இருந்தேன். வேலைக்குப் போகக் கூடாது. மகள் பிறந்தாள், வளர்ந்தாள், பள்ளிக்கும் போகத் தொடங்கினாள். பகலில் வீடு காலியாக இருந்தபோது பக்கத்துக் கல்லூரியில் ஒரு படிப்பு முடித்தேன். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்று எனக்காக விண்ணப்பித்தது. வேலை விசாவுக்கு அங்கே நடத்தும் குலுக்கலில் என் பெயர் விழுந்தது. ஊரைவிட்டு நகராமலேயே அங்கிருந்தபடி என் நிலை மாறி, வேலை செய்யலாம் என்று காகிதம் வந்துவிட்டது. ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தது பழைய விசா. அந்த நாட்டைவிட்டு வெளியே வந்தால் தூதரகத்தில் புது விசா அடித்த பிறகுதான் திரும்ப முடியும்.

ஒரே தம்பி. போகாமல் இருக்க முடியாது. இருவரும் வந்து இருவரும் மாட்டிக்கொள்ள வேண்டாம், நீ மட்டும் போய் வா, பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் கணவர். அப்படித்தான் தனியாக வந்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. விருந்து மறுவீடு எல்லாம் முடிந்ததும் இராஜபாளையத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்தேன். மாமா காலமான பிறகு அத்தை அங்கே தனியாகத்தான் இருக்கிறார்கள். பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் முழங்கால் வலி வரும்வரை வேலை பார்த்தவர்கள். தெருவில் இப்போதும் நாலைந்து வீடுகளில் தறி ஓடுகிறது. முதல் நாள் அந்தச் சத்தம் காதில் நிற்கும். பிறகு தெரியாது.

விசாவுக்குச் சென்னை போக வேண்டும் என்றதும் அத்தை பையை எடுத்தார்கள்.

"நானும் வாரேன்" என்றார்கள்.

அங்கே உள்ளே யாரையும் விடமாட்டார்கள், வெயிலில் ரோட்டில் நிற்க வேண்டியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். நிற்கத் தெரியாமலா கம்பெனியில் இத்தனை வருஷம் நின்றேன் என்று கேட்டார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். அத்தைக்கு அதுதான் முதல் சென்னைப் பயணம்.

முதல் நாள் கைரேகையும் போட்டோவும். மறுநாள் காலை நேர்காணல். போன், பை எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் அத்தையிடம் கொடுத்துவிட்டு, காகித உறையை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி இளைஞர். என்ன வேலை, எங்கே படித்தாய் என்று கேட்டார். பிறகு என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, இத்தனை வருஷம் வீட்டில் இருந்திருக்கிறாயே, இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்றார். கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. படித்ததைச் சொன்னேன், முதலில் சம்பளமில்லாமல் பயிற்சிக்குப் போனதைச் சொன்னேன். அவர் ஏதோ தட்டச்சு செய்தார். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நீலச் சீட்டை நீட்டினார். உன் வேலையைப் பற்றி நிறுவனத்திடமிருந்து இன்னும் விவரமாக ஒரு கடிதம் வேண்டும், அது வந்த பிறகு பார்ப்போம் என்றார். எத்தனை நாளாகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

பக்கத்து வரிசையில் ஒரு பையனுக்கு விசா கிடைத்து, நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டே போனான். நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மகளுக்கு என்ன பதில் சொல்வது, ஆபீசில் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்றெல்லாம் மனம் ஓடியது.

அத்தை தனியாக இல்லை. பக்கத்தில் குண்டூரிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இருவரும் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு தெலுங்கு பேசுகிறவர்கள். அத்தைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவர்கள் பேசுவது இராஜபாளையத்துத் தெலுங்கு. குண்டூர் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அத்தைக்கும் அவ்வளவுதான். அதற்காகப் பேச்சு குறையவில்லை. எங்கள் புளிசாதத்தில் பாதி அந்த அம்மாவின் கையில் இருந்தது.

என் முகத்தைப் பார்த்ததும் அத்தை எழுந்துவிட்டார்கள்.

"வேண்டாம்னு சொல்லிட்டாகளா?"

"இல்ல அத்தை. இன்னும் ஒரு காகிதம் கேக்காக. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாக."

"கேட்டா குடுப்போம். இதுக்கா இப்படி வாரே? வா, செத்த நேரம் உக்காரு."

குண்டூர் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவருடைய மூத்த மகனுக்கும் இப்படிச் சீட்டுக் கொடுத்து, பொறுத்துதான் வந்ததாம். அதை அத்தை எனக்குத் தமிழில் சொல்லும்போது பொறுத்து என்ற சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்கள். எவ்வளவு நாள் பொறுத்து என்று நானும் கேட்கவில்லை.

அன்று சாயந்திரமே நிறுவனத்துக்கு எழுதினேன். கடிதம் வந்தது, அனுப்பினேன். அதன்பின் காத்திருப்புதான். தினமும் காலையில் இணையத்தில் பார்ப்பேன். பரிசீலனையில் இருக்கிறது என்றே சொல்லும். என் மேலாளர் நல்ல மனுஷி. விசா வரும்வரை இங்கிருந்தே வேலை பார்க்க மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கித் தந்தார். அவர்களுக்குக் காலை என்றால் நமக்குச் சாயந்திரம். முன் அறையில் சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக் கணினியை வைத்துக்கொண்டேன். முதல் கூட்டத்திலேயே, பின்னால் மழையா பெய்கிறது என்று ஒருவர் கேட்டார். தறி என்று விளக்கினேன். உங்கள் மருத்துவமனைக் கட்டுத்துணி இப்படித்தான் தொடங்குகிறது என்றதும், ஜன்னல் பக்கம் காட்டு என்று எல்லோரும் கேட்டு, பத்து நிமிடம் தறியைப் பற்றியே பேசினோம்.

காலையில் எழுந்ததும் மகளோடு வீடியோவில் பேசுவோம். அங்கே முதல் நாள் சாயந்திரமாக இருக்கும். ஒருநாள் பள்ளியில் மறுநாள் நிகழ்ச்சி இருப்பதால் அவளுக்குச் சடை பின்னிப் பார்க்க வேண்டும் என்று கணவர் சீப்போடு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தளர்ந்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அத்தை போனை வாங்கினார்கள்.

"ஏலே, மூணா சமமாப் பிரி. இழுத்துப் பிடி, பிள்ளைக்கு வலிக்காது. வலிச்சா சொல்லுவா."

அவர் மூன்று முறை பிரித்துப் பின்னினார். மகள் புத்தகம் படித்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அம்மா இல்லை என்று அழுவாள் என்று நான் பயந்தது போல் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அதில் நிம்மதியும் கொஞ்சம் வருத்தமும் இருந்தன.

ஒரு சாயந்திரம் நான் கூட்டத்தில் இருந்தேன். வாசலில் பேச்சுக் குரல். ஆலங்குளத்திலிருந்து அத்தைக்கு ஒன்றுவிட்ட நாத்தனார் வந்திருந்தார். பேசத் தொடங்கினால் நிறுத்தாதவர். மருமகளைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே வரப் பார்த்தார். அத்தை வாசலிலேயே நாற்காலி போட்டுவிட்டார்கள்.

"உள்ள மருமக வேலையில இருக்கா. செத்த மெதுவாப் பேசு. முடிச்சிட்டு வருவா."

ஜன்னல் வழியாக அது எனக்குக் கேட்டது. முன்பெல்லாம் நான் அமெரிக்காவிலிருந்து போனில் பேசும்போது, மருமகள் என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் யாராவது விசாரித்தால், அவ வீட்டுலதான் இருக்கா என்று அத்தை சொல்வதும் எனக்குக் கேட்டிருக்கிறது. அதில் பொய் இல்லை. இப்போதும் நான் வீட்டில்தான் இருந்தேன், அவர்கள் வீட்டிலேயே. கூட்டத்தில் என்னிடம் ஏதோ கேட்டார்கள். இன்னொரு முறை கேட்கச் சொல்லிப் பதில் சொன்னேன்.

விருந்தாளி போன பிறகு, என்ன அத்தை அவ்வளவு காவல் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். மொச்சை உரித்துக்கொண்டே சொன்னார்கள்.

"நான் கம்பெனிக்குப் போனப்ப யாராச்சும் தேடி வந்தா, அவ ஊரு சுத்தப் போயிருக்கான்னு எங்க மாமியா சொல்லுவாக. வேலைக்குப் போயிருக்கான்னு ஒரு நா கூடச் சொன்னதில்ல. எம்புட்டு எரியும் தெரியுமா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தேன்.

பிறகு ஒரு காலையில் இணையத்தில் வார்த்தை மாறியிருந்தது. விசா வழங்கப்பட்டது என்று இருந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். கூரியரில் வரும் என்றார்கள். ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தோம். வரவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வந்துவிடலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிய அன்றுதான் வந்தது. உரியவர் ஆதார் அட்டையோடு நேரில் வாங்க வேண்டுமாம். கூரியர்காரர், நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பப் பார்த்திருக்கிறார். அத்தை போனில் சுருக்கமாகச் சொன்னார்கள்.

"காபி குடிச்சிட்டு இருக்காரு. பொறவு இட்லி குடுப்பேன். அதுக்குள்ள வந்துரு."

தம்பி பைக்கை எடுத்தான். புது மாப்பிள்ளை, மனைவியிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது கூரியர்காரர் இரண்டாவது தட்டு இட்லியில் இருந்தார். தன் மகள் நர்சிங் படிப்பதைப் பற்றி அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு உறையைக் கொடுத்தார்.

பிரித்துப் பார்த்தேன். விசா இருந்தது, என் பெயரில், வேலைக்கு என்று. அத்தை வெளிச்சத்தில் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்கள்.

"படத்துல ஏன் இப்படி மூஞ்சிய வச்சிருக்க?"

தம்பிதான் முதலில் சிரித்தான். கூரியர்காரரும் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் அப்படித்தான் விழும் என்றார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் வந்தது. அத்தை எதிர்வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவோடு வந்தாள்.

வெள்ளிக்கிழமைக்கே டிக்கெட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை இரு என்றார்கள் அத்தை. மேலாளரிடம் கேட்டேன், சரி என்றார். அந்த ஞாயிறு அம்மாவும் தம்பியும் அவன் மனைவியும் இராஜபாளையத்துக்கே வந்துவிட்டார்கள். அத்தையும் அம்மாவும் அடுப்படியில் குழம்புக்கு எவ்வளவு மிளகு என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே தரையில் படுத்தேன். மறுநாள் பயணம், பெட்டி இன்னும் கட்டவில்லை. கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.