மெத்தைக் குடோனில் பிடித்த புல்லாங்குழல்

பெங்களூருக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் வேலை தேடிப் போவார்கள், இல்லையென்றால் போனவனைப் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு புல்லாங்குழலைப் பிடித்துக்கொண்டு வர. 2006, ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது, கல்யாணம் இல்லாவிட்டால் எங்கள் இன்னிசைக் குழுவுக்கும் பிழைப்பு கிடையாது. கிருஷ்ணகிரியில் அந்தக் குழுவுக்கு நான்தான் கீபோர்டு.

குழல் வாசிப்பவன் ஏழுமலை, பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி. பங்குனியில் அவனுக்கு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. தைத்து வரும் சட்டைகளைப் பார்த்து, தையல் கொஞ்சம் கோணினாலும் ஒதுக்கித் தள்ளுகிற வேலை. புதிதாகச் சேர்ந்தவனுக்கு லீவு என்ற பேச்சே கூடாதாம். ஆவணியிலோ எங்களுக்கு மூன்று ரிசப்ஷன். குழுவை நடத்தும் மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். “உன் கீபோர்டுல வர்ற புல்லாங்குழல் குக்கர் விசிலாட்டம் இருக்குது. ஆவணிக்குள்ள சரி பண்ணு. இல்லனா தர்மபுரில ஒருத்தன் இருக்கான், பர்மனெண்டா சேத்துக்குவேன்.” பர்மனெண்ட் என்றால் ஏழுமலையின் இடம் போயே போச்சு. அவன் திரும்பி வந்தாலும் உட்கார நாற்காலி இருக்காது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஏழுமலையையே கீபோர்டுக்குள் கொண்டுவருவது. அவன் ஊதும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் வெட்டி, ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றாக ஏற்றிவிட்டால், கட்டையை அழுத்தும்போது அவன் குழல் கேட்கும். இதற்கு சாம்பிள் எடுப்பது என்று பெயர். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி பஸ். கடன் வாங்கிய லேப்டாப், கடன் வாங்கிய மைக், சொந்தமாக ஒரு துண்டு. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால்தான் கிருஷ்ணகிரியில் சீட். நான் கூட்டத்தில் முட்டி மோதி ஏறுவதற்குள் ஒரு பெரியவர் என் துண்டின் அருகே நின்று, “ஆள் இருக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். படியிலிருந்தே “ஆள் வருதுங்க!” என்று கத்தினேன். அவர் மரியாதையாக நகர்ந்துகொண்டார். கழுத்துக்குக் கீழ் ஆளே தெரியாத கூட்டத்தில் ஒரு துண்டுக்கு இவ்வளவு மதிப்பு கொடுக்கிற ஜனங்கள் நாம், அதை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷம்தான்.

பெங்களூர் மடிவாளாவுக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். மாநில எல்லையைத் தாண்டி அத்திபெலேயில் வண்டி நின்றபோது டீ குடித்தேன். போர்டு கன்னடம், பேச்சு தமிழ், டீ மட்டும் எந்த மாநிலத்திலும் சேராத வெந்நீர். எட்டேகாலுக்கு மடிவாளாவில் இறங்கினேன். ஏழுமலை குடியிருக்கும் ஈஜிபுராவுக்கு ஆட்டோக்காரர் நாற்பது கேட்டார். “மூணு கிலோமீட்டருக்கா?” என்றேன். “ஒன்வே சார், சுத்தினு போணும். பொட்டி வேற வெச்சினு இருக்கீங்க” என்றார். பெட்டி என்றது மைக்கை. முப்பதுக்கு ஒத்துக்கொண்டார். சுற்றிப் போகவும் இல்லை.

ஏழுமலையின் வீடு மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. அவன் மனைவி கவிதா சுடச்சுட இட்லி வைத்தாள். சாப்பிட்ட கையோடு மைக்கை நிறுத்தினோம். முதல் ஸ்வரத்துக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர் கூட சேர்ந்து பாடியது. இரண்டாவதற்குத் தெருவில் ஒருவர் “சொப்பு, சொப்பு” என்று கீரை விற்றார். மூன்றாவதற்குக் கீழ்வீட்டில் டிவி. ஜன்னலைச் சாத்தினால் வேர்த்துக் கொட்டியது, சத்தம் மட்டும் குறையவில்லை. பத்தரை மணிக்கு, நான் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கவிதாதான் சொன்னாள். “அண்ணா, நான் உறை தைக்கிற மெத்தைக் குடோன் இன்னிக்கு லீவுதான். உள்ள போயி கத்தினாகூட வெளிய கேக்காது. ரஹீம் பாய் அங்கதான் இருப்பாரு, நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

அந்த குடோன் பொம்மனஹள்ளியில் இருந்தது. ஹொசூர் ரோட்டில் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். சூப்பர்வைசர் ரஹீம் பாய் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “கவிதாம்மா சொல்லிச்சா? சரி, போங்க. செருப்பு வெளியே. மெத்தை மேல படுத்துறக் கூடாது. போன வாரம் ஒருத்தர் டெலிவரி எடுக்க வந்து அப்படியே தூங்கிட்டாரு” என்றார்.

உள்ளே தரையிலிருந்து கூரை வரை மெத்தைகள். நடுவில் ஒரு சந்து. அதில் நின்று கைதட்டினால் தட்டிய சத்தம் அங்கேயே செத்துப்போகிறது. காசு கொடுத்தாலும் இப்படி ஒரு ஸ்டூடியோ எனக்குக் கிடைத்திருக்காது. ஏழுமலைக்குத்தான் பிடிக்கவில்லை. “ஊதறது எங்க போவுதுன்னே தெரியலடா, வாயில துணி வெச்சாப்ல இருக்குது” என்றான். லேப்டாப்பில் லேசாக எதிரொலி சேர்த்து ஹெட்போனில் கேட்க வைத்தேன். பதிவில் அது ஏறாது, அவன் காதுக்கு மட்டும் ஒரு கல்யாண மண்டபம். அதன்பிறகு மூச்சு சீராக வந்தது.

அடுத்து வந்தது பெரிய தொல்லை. ஒரே ஸ்வரத்தை நான்கு தடவை ஊதச் சொன்னேன். பாட்டில் அடுத்தடுத்து அதே ஸ்வரம் வரும்போது கீபோர்டு ஒரே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டால், ஆணி அடிக்கிற மாதிரி கேட்கும். நான்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்தால்தான் மனுஷன் வாசிப்பதாகத் தோன்றும். ஏழுமலை நான்கையும் அச்சில் வார்த்த மாதிரி ஊதினான்.

“கொஞ்சம் மாத்தி ஊதுடா.”

“ஏன், எது தப்பு?”

“தப்பே இல்ல. அதான் தப்பு.”

“நாலு சட்டையில ஒண்ணு மாறினாலும் எங்க கம்பெனில ரிஜெக்ட். நாலு மாசமா அதத்தான் பாத்துனு இருக்கறேன்.”

“இங்க நாலும் ஒண்ணா இருந்தா ரிஜெக்ட்!”

ஒரு மணி நேரம் இதே சண்டை. அவன் ஊதியது சுத்தமாக இருந்தது, காற்றுப் போன சோடா மாதிரி வெறுமையாகவும் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “மேடையில நீ இப்படியா ஊதுவ?” என்று கேட்டேன். அவன் குழலைக் கீழே வைத்தான்.

“மேடையில ஊதறத உங்கிட்ட குடுத்துட்டா, அப்புறம் என்னை எதுக்குடா கூப்புடுவீங்க? எல்லாம் பொட்டிக்குள்ள வந்துரும். நான் இங்க சட்டையைப் பாத்துனே கிடக்க வேண்டிதுதான்.”

அதுவரை இது எனக்கு உறைக்கவே இல்லை. அவன் இடத்தைக் காப்பாற்றத்தான் வந்தேன், அவனோ இடத்தைப் பிடுங்க வந்தவனாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனசு கஷ்டமாகிவிட்டது. மாஸ்டர் சொன்ன தர்மபுரி விஷயத்தை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். பையிலிருந்து துண்டை எடுத்துக் காட்டினேன்.

“இன்னிக்குக் காலைல இத போட்டுத்தான் சீட்டு புடிச்சேன். நீ ஊதறதும் இதாண்டா. துண்டே ஊர் போய்ச் சேந்ததா எங்கியாச்சும் பாத்திருக்கியா? ஆள்தான் போவணும்.”

அவன் துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தான். பிறகு, “துண்ட தோய்க்கவாவது செய்டா, நாறுது” என்றான். எனக்கு உயிர் வந்தது.

ரஹீம் பாய் பக்கத்துக் கடையில் பிரியாணி வாங்கி வரச் சொன்னார். மூவரும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டு ஏழுமலை ஊதியது வேறு குழல். ஒன்று ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, ஒன்று சிரிப்போடு, ஒன்று என்னைத் திட்டி முடித்த சூட்டோடு. மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தமாக எல்லாம் வந்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற இடங்களையும் தானாகவே ஊதிக் கொடுத்தான். ஐந்து மணிக்கு ஹெட்போனில் கேட்ட ரஹீம் பாய், “அரே, கண்ண மூடினா எதிர்ல நிக்கறாப்ல இருக்கே!” என்றார்.

ஏழுமலை பொம்மனஹள்ளி நிறுத்தத்துக்கு வந்து என்னை வழியனுப்பினான். கிருஷ்ணகிரி பஸ் வந்ததும் குழல் துடைக்கும் தன் சிவப்புத் துண்டை ஜன்னலுக்குள் வீசி எனக்கு இடம் பிடித்தான். வண்டி கிளம்பியபோது அதைத் திருப்பிக் கொடுக்க நீட்டினேன். “வெச்சிக்க” என்று கையாட்டினான்.

இப்படி சாம்பிள் எடுக்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை போங்கள், காலை ஏழுக்குள் ஹொசூரைத் தாண்டிவிடுங்கள். வீட்டில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், மெத்தைக் கடைக்காரர் யாரையாவது சிநேகம் பிடியுங்கள். ஊதுபவருக்கு ஹெட்போனில் எதிரொலி கொடுங்கள், நடுவில் நல்ல சாப்பாடு கொடுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் அதைச் சொல்ல மத்தியானம் வரை இழுத்ததால்தான் பாதி நாள் போனது.

ஆவணியில் முதல் ரிசப்ஷன், மண்டபம் நிறைந்த கூட்டம். முதல் பாட்டில் குழல் வந்ததும் மாஸ்டர் சட்டென்று திரும்பி ஏழுமலையின் நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தர்மபுரிப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. இரண்டு பாட்டு முடிந்திருக்கும், மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மேடையேறி அந்த நாற்காலியின் முதுகில் கைவைத்தார். அதன்மேல் சிவப்புத் துண்டு கிடந்தது.

“இது சும்மாதானே கிடக்குது, எடுத்துக்கட்டுமா?” என்றார்.

“இல்லீங்க” என்றேன். “ஆள் வருது.”