பனிச்சறுக்குக்கு ஒரு ஜாக்கெட்

ஸ்பிரிங்வெளித் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, லெட்சுமி என்ற சிறுமியைக் கை வீங்கும்படி பிரம்பால் அடித்தேன். பாக்கு மட்டையில் உட்கார்ந்து புல்மேட்டில் சறுக்கி விளையாடியது மட்டும்தான் அவள் செய்த குற்றம்.

இன்று பசறைச் சந்தையில் குளிர் உடுப்பு விற்பவள் அவள்தான். பார்த்தவுடனே என்னை அடையாளம் கண்டுகொள்கிறாள்.

"இம்புட்டு தடிப்பான ஜாக்கெட் எதுக்குங்க சார்?"

சுவிஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன், அங்கே பிள்ளைகள் சறுக்கி விளையாட ஏற்ற சின்னப் பனிமலை ஒன்றுக்கு எல்லோரும் போக அவள் ஏற்பாடு செய்கிறாள் என்கிறேன். அதற்கு டிக்கெட் உண்டா என்று லெட்சுமி கேட்கிறாள். உண்டு என்கிறேன்.

"காசு குடுத்தா சறுக்குறாங்க? அப்ப அங்க அடிக்கிறது யாரு சார்?"

பக்கத்துத் தக்காளிக்காரர் சிரிக்கிறார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"உன்னை அடிச்சது என்ரை பிழை, லெட்சுமி. மன்னிச்சுக்கொள்ளு."

அவள் ஜாக்கெட்டை மடிக்கிறாள். மடித்து முடித்த பிறகே நிமிர்கிறாள்.

"அன்னைக்கு ராத்திரி சோறு அள்ள முடியல சார். அம்மாதான் ஊட்டுச்சு. வெறும் வாய் வார்த்தையில விட்டுற முடியாதுங்க. நீங்களும் ஒருக்கா சறுக்கணும்."

"இந்த வயசிலையோ?"

"ஆமாங்க. விழுந்து எந்திரிச்சு வந்து சொல்லுங்க. மன்னிக்கிறத அப்பறம் பாப்போம்."

அடிவாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கத்தான் நான் நினைத்திருந்தேன். லெட்சுமியோ குவியலைக் கிளறி, பின்பக்கம் பஞ்சு வைத்த காற்சட்டை ஒன்றை எடுத்து என் இடுப்பில் வைத்து அளவு பார்க்கிறாள்.