எட்டில் வைத்த காற்று

பிள்ளைகளே, மூக்கில் மெஷின் குழாய் தொங்கும் ரப்பர் மூடியை மாட்டிக்கொண்டு அப்பா படுத்தால், "யானை படுத்துருச்சு" என்று நீங்கள் சிரிப்பீர்கள். அந்த மெஷினோடு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. பகலில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள்.

அப்போது எனக்கு ஃபெக்டரியில் இரவு வேலை, தேயிலைத்தூள் காயவைக்கும் ட்ரையரில். பகலில் எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை. தூக்கத்தில் தொண்டை அடைத்து, மூச்சு நின்று நின்று வருமாம். இரவில் ட்ரையர் முன்னால் நின்றபடியே கண் சொருகிவிடும். இரண்டு தரம் தூள் கருகிவிட்டது.

ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சத்தம்கூடப் போடவில்லை. "இன்னொரு தரம் கருகுச்சுன்னா மம்பட்டிய எடுத்துக்கிட்டு கான் வெட்டப் போயிரு" என்றார்.

ஐம்பது வயதில், இந்த முழங்காலோடு, மலையில் மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டுவதா? அன்றிலிருந்து ஒரு பிஸ்கட் டின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். கண் சொருகினால் கை தளரும், மூடி சீமெந்தில் விழுந்து என்னை எழுப்பும்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, அந்த மெஷினை இரவலாகத் தந்தார்கள். தொண்டை அடைக்காமல் அது காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு ஓர் எண். எனக்கு எட்டு. மெஷினைத் தந்த சிங்கள நோனா இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தி அந்த எண்ணை வைத்தார். ஃபெக்டரிக் கண் சும்மா இருக்குமா? பார்த்து வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு மாட்டிக்கொண்டு படுத்தேன். காற்று சூடான தேத்தண்ணியை ஊதுகிற அளவுக்குத்தான் வந்தது. எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓடுகிற நேரம் அது. ரோலர் ஓடினால் நம் லயத்து வீடுகளில் பல்பு மங்கும், ரேடியோ முனகும். கரண்டு பத்தவில்லை, பாவம் மெஷின் என்ன செய்யும்? இரண்டு பொத்தானையும் அழுத்தி எண்ணைப் பதினைந்துக்கு ஏற்றினேன். அப்போதும் மெதுவாகத்தான் வந்தது. சரிதான், ரோலர்தான் என்று தூங்கிப்போனேன்.

கொஞ்ச நேரத்தில் ரப்பர் மூடியின் விளிம்பெல்லாம் விசிலடித்தது. வயிறு மேளம் மாதிரி உப்பிவிட்டது.

பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரியின் குரல் வந்தது: "அக்கா, குக்கர எறக்குங்க, வெடிச்சிரப் போவுது!"

"குக்கரும் இல்ல, ஒண்ணும் இல்லடி. இந்த மனுசன்தான்!" என்றாள் உங்கம்மா.

மூடியைக் கழற்றியதும் நான் விட்ட ஏப்பத்தில் வாசலில் மேய்ந்த கோழி ஓடியது. அடுத்த பகலும் அதே கதை. மூன்றாம் நாள் மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அன்று இரவு டின் மூடி நாலு தரம் விழுந்தது. நாலாந்தரம் டீமேக்கர் ஐயா எட்டிப் பார்த்தார். விடிந்ததும் மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நோனா எண்ணைப் பார்த்தார். "அனே மாமே! யார் கூட்டினது?"

"கரண்டு பத்தல நோனா, அதான்..."

நோனா சிரித்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை எட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதச் சொன்னார். குமிழி வந்தது. "அவ்வளவுதான் எட்டு. உங்க தொண்டைய தொறந்து வைக்க அது போதும். கொறைஞ்சா அடைக்கும், கூடினா வவுத்துக்குப் போகும். அதைத்தான் அன்னைக்கி ராத்திரி பார்த்தோம். தூக்கம் வாறதுக்காக மெஷின் நாலுல மெல்லத் தொடங்கி, இருபது நிமிசத்தில எட்டுக்கு ஏறும். கரண்டு இல்ல மாமே, அது மெஷின்ட பழக்கம்."

ஃபெக்டரி வாடல் தட்டில் கொழுந்தை வாட்ட அளவாகத்தான் காற்று விடுவோம். கூட்டினால் கொழுந்து பறந்துவிடும். பதினெட்டு வருசம் ஃபெக்டரியில் இருந்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று பஸ் முழுக்க வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு பொத்தானைத் தொடவில்லை; இரவில் டின் மூடியும் விழவில்லை. மூன்றாவது வாரம் ஒரு விடியற்காலை டீமேக்கர் ஐயா வந்து, தூளைக் கையில் அள்ளி மோந்து, என் முகத்தைப் பார்த்தார். "கான் வெட்ட வேற ஆளப் பாக்கணும் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் டின் மூடியைச் சட்டையில் துடைத்தேன். அது விழுந்து விழுந்து நெளிந்திருந்தது. வீட்டில் எல்லாரும் வெளியே போன பிறகு, சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, பழையபடி பிஸ்கட் டின்னையே அதால் மூடி வைத்தேன்.