அம்மா மரம் வெட்டிய கதை

மற்ற விரிவுரையாளர்கள் ஏ.ஐ. பக்கமே போகாதே என்று மிரட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் தமிழ் விரிவுரையாளர் மட்டும் "தாராளமா போங்க. அது எங்க வழுக்குதுன்னு கண்டுபிடிச்சு வகுப்புல சொல்லுங்க" என்றார். வீட்டில் ஒருவர் பார்த்த வேலையைப் பற்றி அதை எழுத வைக்க வேண்டும், தப்பைப் பிடிக்க வேண்டும். நன்றாகச் செய்பவர் கோலாலம்பூரில் மாணவர் கருத்தரங்கில் பேசலாம். அந்த மேடை எனக்கு வேண்டும்! பள்ளிக்காலத்தில் குழுப்பாட்டுக்கே என்னைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள்.

கல்லூரிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தோழியோடு உட்கார்ந்தேன். அவள் ஈப்போ டவுனிலேயே வளர்ந்தவள், யாழ்ப்பாண வழி, வீடு நிறைய டாக்டர்கள். நான் கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்துக்காரி. தோட்டம் இப்போது தாமான் குடியிருப்பாகிவிட்டது. அம்மா கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறார். கைப்பேசியில் தட்டினேன்: "என் அம்மா தோட்டத்தில் மரம் வெட்டினார். அவரைப் பற்றி எழுது."

அடேங்கப்பா, எழுதித் தள்ளியது! தோழி எனக்கு முன்னால் படித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஏய், உங்கம்மா காட்டை அழிச்சாங்களா?"

கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தேன். அம்மா கோடரி தூக்கிப் பெருமரங்களைச் சாய்த்தாராம். பிறகு மனம் வருந்திக் கன்று நட்டாராம்! குடித்த தே தாரிக் மூக்கில் ஏறும்வரை சிரித்தேன்.

"மரம் வெட்றதுன்னா பால் எடுக்கிறது லா! கத்தியால பட்டையைச் சீவி, வடியிற ரப்பர் பாலை மங்குல பிடிக்கிறது!"

"எனக்கென்ன தெரியும்? நானும் சாய்ச்சாங்கன்னுதான் நினைச்சேன்" என்றாள் பாவம்.

அதனிடமும் விளக்கினேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று உடனே ஒப்புக்கொண்டது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் தோட்டத்துப் பேச்சை இதற்கே கற்றுக்கொடுத்துவிட்டேனே!

தோழிக்குச் சந்தேகம். "எதைச் சொன்னாலும் தலையாட்டுதோ என்னவோ. ஒரு பொய் சொல்லிப் பாரேன்."

புது உரையாடல் திறந்து, "எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் மரத்துக்கு முடி வெட்டுவது" என்று தட்டினேன். அதற்கும் "முற்றிலும் சரி"! மலேசியத் தோட்டங்களில் மரங்களுக்கு முடி திருத்துவது பழைய வழக்கமாம். வெள்ளிக்கிழமை மட்டும் கூடாதாம்!

தோழி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "இதான்டீ உன் பேச்சு!"

வகுப்பில் எழுந்து நின்றேன். "எங்கம்மா மரம் வெட்டினாங்க" என்று ஆரம்பித்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள், டவுன் பிள்ளைகள் புருவத்தைத் தூக்கினார்கள். அட, பாதி வகுப்பும் அதே இடத்தில் வழுக்கியது! முடி வெட்டிய கட்டம் வந்ததும் விரிவுரையாளரே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கே.எல். கருத்தரங்குக்கு நீயே போ" என்றார்.

வராந்தாவிலிருந்தே அம்மாவுக்குப் போன் அடித்தேன். "அம்மா, நான் மேடையில பேசப்போறேன்! நீங்க மரம் வெட்டுனதைப் பத்தி!" கோடரிக் கதையையும் மூச்சு விடாமல் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ அழுத்தமாகச் சொன்னார்:

"கத்தி ஆழமா இறங்குனா மரத்துக்குக் காயமாயிரும்னு பயந்து பயந்து வெட்டுனவ லா நானு. ஒரு மரத்தையும் சாய்க்கலன்னு அங்க சொல்லிரு."

"சொல்றேம்மா" என்றேன்.

கோலாலம்பூரில் மைக்கைப் பிடித்ததும் முதலில் அதைத்தான் சொன்னேன்.