அமுதவல்லி இறந்த தேதி

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, கூடத்து மின்விசிறிக்குக் கன்டென்சர் மாற்றியது. நான் ஸ்டூலின் மேல் நின்றேன். அவர் கீழே அதன் கால்களைப் பிடித்துக்கொண்டார். மெயினை அணைத்தாயா என்று மூன்று முறை கேட்டார். பஞ்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர், மின்சாரத்தை மட்டும் கடைசிவரை நம்பவில்லை. விசிறி ஓடியது. "பரவால்லையே, படிச்ச படிப்பு வீண் போவல" என்றார். அது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது விழுந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பெயர் ராமலிங்கம். வயது எழுபத்திரண்டு. வில்லியனூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பயிர் வைத்த குடும்பம். பத்தொன்பது வயதில் மில் வேலைக்காக டவுனுக்கு, நெல்லித்தோப்புக்கு வந்தார். பிறகு இங்கேயே தங்கிவிட்டார். கடைசி ஐந்து ஆண்டுகள் அவருக்கு ஒரே வேலைதான். அமுதவல்லி இறந்த தேதியைத் தேடினார்.

அமுதவல்லி என் தாத்தா தெய்வசிகாமணியின் அக்கா. 1929இல், கல்யாணமாகாமல், பத்தொன்பது வயதில் கழனிக் கிணற்றில் விழுந்து இறந்தவள் என்பது வீட்டில் சொல்லிவந்த கதை. எங்கள் பக்கத்தில் இப்படி இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். தை மாதம் கிணற்றங்கரையில் புதுப்புடவை, பூ, வளையல் வைத்துப் படையல். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்துவாள். நானும் இரண்டு முறை உடுத்தியிருக்கிறேன்.

படையலை நடத்துபவர் அப்பாவின் அக்கா மணியம்மாள். கிராமத்து வீட்டில் இருக்கிறார். அவருக்கு மூட்டுவலி வந்த வருடம், நாள் பார்க்காமல் குத்துமதிப்பாகப் படைப்பதால்தான் பூவாடைக்காரிக்குக் கோபம் என்று முடிவு செய்தார். இறந்த தேதி தெரிந்தால் திதி கணக்கிட்டுப் படைக்கலாம். தம்பியிடம் சொன்னார். தம்பி கிளம்பிவிட்டார்.

பிரெஞ்சுக்காரர் காலத்து இறப்புப் பதிவேடுகளில் 1929 முழுவதும் பார்த்தார். பிறகு முன்னும் பின்னும் ஐந்து ஆண்டுகள். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. மாதங்களின் பெயர்களையும் தேவையான பத்துச் சொற்களையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போவார். அமுதவல்லி கிடைக்கவில்லை. நான் தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பவள், தவறும் பதிவுகளைத் தினமும் பார்ப்பவள். பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள், விடுங்கள் என்றேன்.

"ஆடு கெணத்துல உழுந்தாவே மூணு பக்கம் எழுதற ஆளுங்க அவங்க. பொண்ணு உழுந்தா எழுதாம உடுவாங்களா?" என்றார்.

அடுத்து உயில்களுக்குப் போனார். அமுதவல்லியின் அப்பா ராஜாங்கம் 1936இல் நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிப் பதிபவரிடம், எழுதிய உயிலின் நகல் கிடைத்தது. ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் படித்துச் சொன்னார். மூன்றாவது பத்தியில் இருந்தது: கிணற்றுக்குத் தெற்கே நூறு குழி நிலம், நெல்லித்தோப்பில் குடியிருக்கும் என் மகள் அமுதவல்லிக்கு.

இறந்து ஏழு வருடமானவளுக்கு நிலம்.

உயிலின் கடைசிப் பக்கத்தில், ராஜாங்கம் இறந்தபின் 1956இல் அது படித்துக் காட்டப்பட்டதாகக் குறிப்பு. கீழே தெய்வசிகாமணி என்று தமிழில் கையெழுத்து. அந்த நூறு குழி அமுதவல்லிக்குப் போகவே இல்லை. தொண்ணூறுகளில் மனைகளாக விற்றுப்போனது. அப்பா, தன் அப்பாவின் கையெழுத்தைக் கையால் மூடிக்கொண்டுதான் மீதியைப் படிக்கச் சொன்னார் என்று, துக்கம் கேட்க வந்த வாத்தியார் என்னிடம் சொன்னார்.

அதன்பின் அப்பா கல்யாணப் பதிவுகளைத் தேடினார். அங்கும் இல்லை. வீட்டை விட்டுப் போனவள் பெயரையும் விட்டிருக்கலாமே என்றேன். இந்தத் தேடலில் நான் செய்த உதவி அவ்வளவுதான். மதம் மாறியிருந்தால் பெயரும் மாறியிருக்கும் என்று அப்பா நெல்லித்தோப்புப் பங்குக் கோயிலுக்குப் போனார். 1929 ஆகஸ்ட், ஞானஸ்நானப் பதிவேடு: மரி ரோசாலி, வயது பத்தொன்பது, இந்துவான ராஜாங்கத்தின் மகள். அதே வாரம், திருமணப் பதிவேட்டில், ஒரு தச்சருடன். பிறகு நான்கு பிள்ளைகளின் ஞானஸ்நானம். அடக்கம், 1974 மார்ச்.

தேதி கிடைத்துவிட்டது. ஆனால் அது அத்தை கேட்ட தேதி இல்லை.

மகள் போய்விட்டாள் என்பதைவிடக் கிணற்றில் விழுந்தாள் என்பது ராஜாங்கத்துக்கு ஊரில் சொல்லக்கூடியதாக இருந்திருக்கும். சொன்ன பிறகு படையலும் வைக்கத்தான் வேண்டும். உயிரோடு இருக்கும் மகளுக்குத் தான் சாகும்வரை படையல் வைத்தார். அப்பா நெல்லித்தோப்புக்கு வந்தது 1971இல். மூன்று ஆண்டுகள் அவரும் அமுதவல்லியும் இரண்டு தெரு தள்ளி வாழ்ந்திருக்கிறார்கள். இதைத்தான் அவர் திரும்பத்திரும்பச் சொன்னார்.

கடைசி மகள் செலினுக்கு எண்பத்து மூன்று வயது, முதலியார்பேட்டையில் இருக்கிறார் என்று கோயிலில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அந்தக் குடும்பத்தைத் திரும்ப நம்மோடு சேர்க்க வேண்டும், நிலம்தான் போய்விட்டது, உறவையாவது சொல்ல வேண்டும் என்றார். அதற்கு முன் அக்கா சம்மதிக்க வேண்டும். அக்காவின் சாமியை அக்காவுக்குத் தெரியாமல் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இருவரும் கிராமத்துக்குப் போனோம். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அப்பா எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"உசுரோட இருந்தவளுக்கா எங்கம்மா பொடவ வெச்சா?"

"ஆமாங்கா."

"அப்ப நான் அறுவது வருஷமா யாரக் கும்புட்டேன்? ரெண்டாவது பிரசவத்துல கொழந்த தல திரும்பாம கெடந்தேனே, அப்ப வந்து நின்னது யாருடா?"

நகல்களை எடுத்துப் போகச் சொன்னார் அத்தை. காபி மட்டும் கொடுத்தார்.

அப்பா வற்புறுத்தவில்லை. அடுத்த மூன்று மாதம் கிராமத்துக்குப் போனபோதெல்லாம் மழையைப் பற்றியும் மூட்டுவலித் தைலத்தைப் பற்றியும் பேசிவிட்டு வந்தார். ஒரு மாலை அத்தையே போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"டேய், ராஜாங்கம் தாத்தா இருந்தவரைக்கும் படையல் பொடவைய எங்க யாருக்கும் குடுக்கமாட்டாரு. நீ சின்னக் கொழந்த, உனுக்குத் தெரியாது. மறுநா காலையில துண்டுல கட்டி எடுத்துகினு டவுனு பஸ் ஏறுவாரு. ஆத்துல உடப் போறேம்பாரு. ஆறு நம்ம ஊருப் பக்கத்துலயே இருக்குது. டவுன்ல ஏதுடா ஆறு?"

தாத்தா செத்தபோது செலினுக்குப் பதினைந்து வயது, தை மாதம் யாராவது வீட்டுக்குப் புடவை கொண்டுவந்தார்களா என்று கேட்டால் தெரியும் என்றார் அப்பா.

"நீ கேக்காத. என்னக் கூட்டிகினு போ. நான் கேக்கறேன்" என்றார் அத்தை.

அப்பா முதலியார்பேட்டைக்குப் போன் செய்தார். பழைய சொந்தம், ஞாயிறு மாலை நாலு மணிக்கு வருகிறோம், மற்றதை நேரில் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். சொன்ன நாள் வந்தபோது அவர் இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அந்த ஞாயிறு மாலை நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பாவின் போனில் நான்கரைக்கு ஒரு அழைப்பு, ஐந்தேகாலுக்கு ஒன்று. இரண்டும் செலின் அம்மாளுடையவை. பிறகு அவர் அழைக்கவில்லை. வராமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருக்கலாம்.

கருமாதி முடிந்து ஒரு மாதமாகிறது. அடுத்த மாதம் தை. புடவை எடுப்பதா வேண்டாமா என்று அத்தை யாரிடமும் சொல்லவில்லை. நேற்று என்னிடம், "உங்கப்பன் கூட்டிப் போறன்னான்" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. செலின் அம்மாளின் எண் என்னிடம் இருக்கிறது. நான் இன்னும் அழைக்கவில்லை.